டேலியில் இருக்கும் பில் 2பி-யில் இல்லை: விடுபட்டதை பவர் பிஐ-யில் எப்படிப் பிடிப்பது?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒரு முறை சொல்லிப் பார்க்கிறேன். டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரிலிருந்து எடுத்த பர்ச்சேஸ் ரிஜிஸ்டர் (நாம் வாங்கிய பில்களின் பட்டியல்) ஒரு டேபிள், ஜிஎஸ்டி தளத்திலிருந்து இறக்கிய ஜிஎஸ்டிஆர் 2பி (சப்ளையர்கள் நம் பேரில் தாக்கல் செய்த பில்களின் பட்டியல்) இன்னொரு டேபிள். இரண்டையும் பவர் பிஐ என்ற ரிப்போர்ட் சாஃப்ட்வேரில் ஏற்றி, இன்வாய்ஸ் (பில்) நம்பரை வைத்து ரிலேஷன்ஷிப், அதாவது இரண்டு டேபிளுக்கும் இணைப்பு, போட்டிருக்கிறீர்கள். பொருந்தாத பில்களை மட்டும் காட்டு என்றால் அது பொருந்தியவற்றையே காட்டுகிறது, மொத்தமும் எங்கேயோ குறைகிறது. "பொருந்தாததை மட்டும் எடுக்க எந்த ஃபார்முலா?" என்பது உங்கள் கேள்வி. ஃபார்முலா சொல்கிறேன், ஆனால் அது இந்த வேலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எந்த இரண்டு பதிவுகளை ஒன்று என்று எடுத்துக்கொள்வது என்பதில்தான் மீதி வேலை முழுக்க இருக்கிறது. நான் கணக்கெழுதப் போய் அங்கிருந்து ரிப்போர்ட் பக்கம் வந்தவன். மாதா மாதம் இதே வேலையைப் பல அலுவலகங்களுக்குச் செய்துகொடுத்த பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் ரிப்போர்ட் ஏன் ஏமாற்றுகிறது என்று பார்த்துவிடலாம். ஒரே நம்பர் பல சப்ளையர்களிடம் வரும், எல்லாருக்கும் ஒரு 101-ஆம் பில் உண்டு. அதனால் இன்வாய்ஸ் நம்பரில் இணைத்தால் இரண்டு பக்கமும் நம்பர் திரும்பத் திரும்ப வந்து, பவர் பிஐ அதை மெனி-டு-மெனி (இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு பல முறை வரும்) உறவாகத்தான் போடும். அந்த மாதிரி உறவில், இரண்டு டேபிளின் நெடுவரிசைகளையும் ஒரே விஷுவலில் போட்டால் இரண்டிலும் இருப்பவை மட்டும்தான் வரும். ஜோடி இல்லாதவை சத்தமில்லாமல் காணாமல் போகும், ஒரு எச்சரிக்கைகூட வராது. ஒன்-டு-மெனி உறவாக இருந்தால் மெனி பக்கத்தில் ஜோடி இல்லாத எல்லாமும் 'பிளாங்க்' என்ற ஒரே பதிவின் கீழே மொத்தமாகக் குவியும், குறைந்தபட்சம் ஏதோ இடிக்கிறது என்றாவது தெரியும். ஆக, ரிலேஷன்ஷிப் என்பது டாலி ஆன, அதாவது பொருந்திய, டேட்டாவைப் பார்ப்பதற்கு. டாலி ஆகாததைத் தேட அது சரிப்படாது, அந்த வேலையைப் பவர் பிஐ-யிலேயே டேட்டாவைச் சுத்தம் செய்யும் பகுதியான பவர் கொயரியில், மாடலுக்குள் ஏற்றும் முன்பே முடித்துவிட வேண்டும்.

அப்புறம், 'பொருந்தாதது' என்று ஒரே பேச்சாகச் சொல்கிறோமே, அதற்குள் நாலு விஷயம் கலந்து கிடக்கிறது. நம்மிடம் இருக்கிறது, 2பி-யில் இல்லை என்றால் சப்ளையர் இன்னும் தாக்கல் செய்யவில்லை அல்லது தப்பான ஜிஎஸ்டி நம்பரில் போட்டுவிட்டார். 2பி-யில் இருக்கிறது, நம்மிடம் இல்லை என்றால் பில் வந்து யாரோ மேசை டிராயரில் தூங்குகிறது, அல்லது நாம் வாங்காததை நம் பேரில் போட்டிருக்கிறார்கள். இரண்டிலும் இருக்கிறது, தொகை வேறு என்பது மூன்றாவது. ஒரே பில் ஒரு பக்கம் இரண்டு முறை ஏறியிருப்பது நாலாவது. இந்த நாலையும் ஒரே பட்டியலில் கொட்டி ஆடிட்டரிடம் கொடுத்தால் அவர் திருப்பி உங்களிடமே கொடுப்பார். ஒவ்வொன்றுக்கும் போன் செய்ய வேண்டிய ஆள் வேறு, அதனால் ரிப்போர்ட்டிலும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

சரி, இரண்டு பக்கத்துப் பதிவும் ஒன்றுதான் என்று அடையாளம் காட்டும் கீ-க்கு வருவோம். ஜிஎஸ்டி விதி 46-இன்படி இன்வாய்ஸ் நம்பர் 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, எழுத்து, எண், இணைப்புக்கோடு, சாய்கோடு மட்டும் வரலாம், ஒரு நிதியாண்டுக்குள் அது திரும்ப வரக் கூடாது. அந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். நிதியாண்டுக்குள் மட்டும்தான் தனித்தன்மை. ஏப்ரல் பிறந்தால் பல பேர் மறுபடி 1-லிருந்து ஆரம்பிப்பார்கள். அதனால் சப்ளையரின் ஜிஎஸ்டி நம்பர், பில் தேதியிலிருந்து எடுத்த நிதியாண்டு, பில் நம்பர் என மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு கீ. சப்ளையர் பெயரைக் கீ-யில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். டேலியில் 'முருகன் டிரேடர்ஸ்' என்று நாம் வைத்த லெட்ஜர், 2பி-யில் பதிவு ஆவணப்படி வேறொரு பெயராக வரும், இரண்டும் ஒன்று என்று எந்த சாஃப்ட்வேருக்கும் தெரியாது.

நிஜமான தலைவலி பில் நம்பரில்தான். சப்ளையர் தாக்கல் செய்தது 'எஸ்கே/0457/24-25'. நம் அலுவலகத்தில் பில்லைப் பார்த்து டைப் செய்த தம்பி '457' என்று போட்டுவிட்டுப் போயிருப்பார், அவர் வரையில் அது சரிதான். இன்னொருவர் 'எஸ்கே-457' என்று போடுவார். இதைச் சமாளிக்க, நிறையப் பேர் செய்வதுபோல, எழுத்தும் எண்ணும் தவிர மற்ற எல்லாவற்றையும் உருவி எறிந்துவிடலாம் என்று நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். அதில் ஒரு குழி இருக்கிறது: '1/11' என்ற பில்லும் '11/1' என்ற பில்லும் உருவிய பிறகு இரண்டுமே 111 ஆகிவிடும், இரண்டு தனி பில்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் நான் இப்போது செய்வது இது: சாய்கோடு, இணைப்புக்கோடு, இடைவெளி எல்லாவற்றையும் ஒரே குறியாக மாற்றி, அந்தக் குறியில் துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் முன்னாலும் இருக்கும் பூஜ்யங்களை எடுத்து, 24, 25 அல்லது 2024, 25 என்று அடுத்தடுத்து வந்து ஆண்டாகத் தெரியும் துண்டுகளை விட்டுவிட்டு, மிச்சத்தை அதே குறியோடு திரும்ப ஒட்டுவது. மூலப் பில் நம்பர் பக்கத்திலேயே கைபடாமல் இருக்கட்டும், அதை மட்டும் அழிக்காதீர்கள். இந்த வழியில் 'எஸ்கே-457'-உம் 'எஸ்கே/0457/24-25'-உம் சேர்ந்துவிடும். வெறும் '457' சேராது, அதைப் பின்னால் இரண்டாம் சுற்றில் பிடிக்கலாம்.

பவர் கொயரிக்குள் வருவதற்கு முன்பே எக்ஸெல் செய்துவைக்கிற சேதம் தனிக் கதை. ஒரு முறை திருப்பூரில் ஒரு நூல் வியாபாரியின் அலுவலகத்தில் முந்நூறுக்கு மேல் பில் 'இல்லை' என்று வந்தது, கணக்கர் சப்ளையர்களை எல்லாம் திட்டிக்கொண்டிருந்தார். பட்டியலைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பார்த்தால் பில் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் 'அக்டோபர்-24' என்று இருக்கிறது. 10/24 என்ற பில் நம்பரை, சிஎஸ்வி ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து திறந்தபோது எக்ஸெல் தேதி என்று நினைத்து மாற்றிவிட்டது, சேவ் செய்ததும் மூலமும் போயிற்று. 24-க்கும் 07-க்கும் நடுவே 'இ' என்ற ஆங்கில எழுத்து வரும் பில் நம்பர் இன்னும் மோசம், எக்ஸெல் அதை அடுக்குக்குறி எண்ணாக எடுத்து 24 கோடி ஆக்கிவிடும். அன்றைக்கு ஃபைலை எக்ஸெலில் திறக்காமல் நேராகப் பவர் கொயரியில் எடுத்து, நம்பர் நெடுவரிசையை டெக்ஸ்டாக வைத்து, மேலே சொன்ன சுத்தத்தைச் செய்ததும் முந்நூறு சொச்சம் நாற்பது சொச்சம் ஆனது. அந்த நாற்பதுதான் உண்மையில் போன் போட்டுப் பேச வேண்டிய பில்கள். திட்டு வாங்கிய சப்ளையர்களில் பெரும்பாலானோர் ஒழுங்காகத்தான் தாக்கல் செய்திருந்தார்கள்.

தேதியிலும் இதே தொல்லை உண்டு. கணினியின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் 05/04/2025 என்பதை மே 4 என்று படித்துக்கொள்ளும். 13-ஆம் தேதி முதல் உள்ளவை எரர் காட்டும், 12 வரை உள்ளவை சத்தம் போடாமல் நாளும் மாதமும் இடம் மாறி உட்கார்ந்துவிடும். மார்ச்-ஏப்ரல் ஒட்டிய பில்லில் இப்படி நடந்தால் நிதியாண்டே மாறி, கீ-யும் மாறிவிடும். பவர் கொயரியில் டேட்டா டைப் மாற்றும் மெனுவின் கடைசியில் 'யூசிங் லோகேல்' என்று ஒன்று இருக்கிறது, அதில் இங்கிலீஷ் இந்தியா என்று தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். 2பி எக்ஸெல் ஃபைலில் தலைப்பு மேலே இரண்டு அடுக்காக, செல்களை இணைத்து வைத்திருப்பார்கள், அதையும் கையால் சரிசெய்துதான் ஆக வேண்டும்.

இன்னொரு வித்தியாசம் தெரிந்துகொள்ளுங்கள், இதில் தடுக்கி விழுந்தவர்கள் அதிகம். பவர் கொயரிக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. பவர் பிஐ மாடலுக்கு இரண்டும் ஒன்று. அதே டேட்டாவைப் பவர் கொயரியில் மெர்ஜ் செய்தால், அதாவது இரண்டு டேபிளையும் கீ-யை வைத்து ஒன்றாக இணைத்தால், ஓர் எண்ணிக்கை, ரிலேஷன்ஷிப் போட்டுப் பார்த்தால் இன்னோர் எண்ணிக்கை வந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். கீ-யை எப்போதும் பெரிய எழுத்தாக்கிவிடுவது நல்லது. முன்னும் பின்னும் உள்ள வெற்று இடத்தை ட்ரிம் செய்தாயிற்று என்றும் நிம்மதியாக இருக்க முடியாது. வெப்சைட்டிலிருந்து காப்பி செய்த டேட்டாவில் இடைவெளி மாதிரியே தெரியும் 160-ஆம் எண் எழுத்து ஒன்று ஒட்டிக்கொண்டு வரும், எக்ஸெலின் ட்ரிம் அதைத் தொடாது. எக்ஸெலில் இதைச் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 457 ஒரு பக்கம் எண்ணாகவும் இன்னொரு பக்கம் டெக்ஸ்டாகவும் இருந்தால் விலுக்அப் 'இல்லை' என்று சொல்லும், கவுண்ட்இஃப் 'இருக்கிறது' என்று சொல்லும். இரண்டுமே அதனதன் விதிப்படி சரி.

இப்போது நீங்கள் கேட்ட ஃபார்முலா. பவர் கொயரியில் மெர்ஜ் கொயரீஸ் திறந்து, மேலே பர்ச்சேஸ் ரிஜிஸ்டர், கீழே 2பி, இரண்டிலும் கீ நெடுவரிசையைக் கிளிக் செய்து, ஜாயின் வகையில் 'லெஃப்ட் ஆன்ட்டி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதல் டேபிளில் மட்டும் உள்ளவை என்று அர்த்தம். நம்மிடம் இருந்து 2பி-யில் இல்லாதவை வந்துவிடும். 'ரைட் ஆன்ட்டி' போட்டால் மறுபக்கம். அவ்வளவுதான், ஒரு ஃபார்முலாவும் எழுத வேண்டாம். அந்த ஜன்னலின் அடியில், முதல் டேபிளில் எத்தனை பதிவுகளுக்கு ஜோடி கிடைத்தது என்று சின்னதாக ஒரு வரி வரும், ஓகே அழுத்தும் முன் அதைப் படியுங்கள். எதுவுமே பொருந்தவில்லை என்று வந்தால் டேட்டா தப்பில்லை, ஏதோ ஒரு பக்கம் டேட்டா டைப் (எண்ணா, டெக்ஸ்டா என்பது) தப்பு அல்லது தப்பான நெடுவரிசையைக் கிளிக் செய்திருக்கிறீர்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தது ஆன்ட்டி ஜாயின் இல்லை, ஃபுல் அவுட்டர். அதில் இரண்டு பக்கத்துப் பதிவுகள் எல்லாமும் ஒரே டேபிளில் வந்துவிடும். 2பி-யின் நெடுவரிசையை விரித்த பிறகு, அந்தப் பக்கத்துக் கீ காலியாக இருந்தால் 'நம்மிடம் மட்டும்', இந்தப் பக்கம் காலியாக இருந்தால் '2பி-யில் மட்டும்', இரண்டும் இருந்து தொகை வேறானால் 'தொகை வித்தியாசம்', மீதி 'சரி' என்று ஒரு கண்டிஷனல் காலம் போட்டுவிடலாம். ரிப்போர்ட்டில் அந்த நெடுவரிசையை ஒரு ஸ்லைசராக (கிளிக் செய்து வடிகட்டும் பட்டனாக) வைத்தால் ஒரே பக்கத்தில் எல்லாம் முடிந்தது. ஆன்ட்டி ஜாயின் மூன்றாவது வகையை, அதாவது தொகை மட்டும் மாறியதை, ஒருபோதும் காட்டாது. டாக்ஸில், வரி இல்லை, பவர் பிஐ-யின் ஃபார்முலா மொழியைச் சொல்கிறேன், எக்ஸெப்ட் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, அதுவும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அது நெடுவரிசைகளைப் பெயரை வைத்துப் பார்க்காது, எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்றுதான் பார்க்கும். இடம் மாறியிருந்தால் தேதியையும் தொகையையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும்.

தொகையை ஒப்பிடும்போது நேராகச் சமமா என்று கேட்காதீர்கள். ரவுண்ட் ஆஃப் காரணமாக சில பைசா எப்போதும் இடிக்கும், கழித்து வரும் வித்தியாசம் இரண்டு ரூபாய்க்குள் இருந்தால் சரி என்று விட்டுவிடலாம். மொத்த வரியை மட்டும் ஒப்பிடவும் கூடாது. ஒரு லட்ச ரூபாய் சரக்குக்கு 18 சதவீதம் என்றால், 2பி-யில் ஐஜிஎஸ்டி (வெளிமாநில வரி) 18,000 என்று இருக்கும், நம் ஆள் சிஜிஎஸ்டி (மத்திய வரி) 9,000, எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி) 9,000 என்று போட்டிருப்பார். கூட்டினால் டாலி ஆகும், ரிட்டர்னில் தலைப்பு மாறிப்போகும். மூன்றையும் தனித்தனியாகக் கழியுங்கள். கிரெடிட் நோட்டுகள் 2பி-யில் தனி ஷீட்டில் வரும், அங்கே தொகை கூட்டல் குறியோடு இருக்கும், நம் ரிஜிஸ்டரில் கழித்தல் குறியோடு இருக்கலாம். குறியை ஒரே மாதிரி ஆக்கிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

நாலாவது வகை, அதாவது இரட்டைப் பதிவு, மெர்ஜுக்கு முன்பே தீர வேண்டும். ஒரே பில்லில் 5 சதவீதமும் 18 சதவீதமும் இருந்தால் ரிஜிஸ்டரில் இரண்டு பதிவாக வரலாம். மறுபக்கமும் இரண்டாக இருந்தால் மெர்ஜில் இரண்டுக்கு இரண்டு நாலாகப் பெருகி, தொகை இரட்டிக்கும். அதனால் இரண்டு டேபிளையும் கீ-யை வைத்து குரூப் பை செய்து (ஒரே கீ உள்ளவற்றை ஒரே பதிவாக்கி), தொகையைக் கூட்டி, பக்கத்தில் எத்தனை பதிவு என்று ஓர் எண்ணிக்கையும் வைத்துக்கொள்ளுங்கள். ரிமூவ் டூப்ளிகேட்ஸ் மட்டும் போடாதீர்கள், அது இரண்டாவது விகிதத்தின் தொகையைத் தூக்கி எறிந்துவிடும். இன்னொன்று, கீ காலியாக உள்ள பதிவுகளைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். பவர் கொயரி காலியையும் காலியையும் ஜோடி சேர்த்துவிடும், கல்யாண புரோக்கர் மாதிரி.

மாதக் கணக்கு விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 2பி என்பது மாதம் 14-ஆம் தேதி உருவாகும் அறிக்கை. சப்ளையர் தன் விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர் 1-ஐ 11-ஆம் தேதிக்குள் போட வேண்டும், காலாண்டுக்கு ஒரு முறை தாக்கல் செய்பவர்களுக்கு இடை மாதங்களில் 13-ஆம் தேதி வரை பில்களை ஏற்றும் வசதி உண்டு. அவர் தாமதித்தால் ஜூன் பில் ஜூலைக்கோ ஆகஸ்டுக்கோ உரிய 2பி-யில்தான் தலைகாட்டும். ஜூன் ரிஜிஸ்டரை ஜூன் 2பி-யோடு மட்டும் ஒப்பிட்டால் ஒவ்வொரு மாதமும் அதே பொய்யான பட்டியல் வரும். எல்லா மாத 2பி ஃபைல்களையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, ஃபோல்டரிலிருந்து எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, எந்த மாத 2பி என்று ஒரு நெடுவரிசை வைத்துக்கொள்ளுங்கள். ரிஜிஸ்டரும் ஆண்டு முழுக்க இருக்கட்டும்.

இதற்குப் பிறகும் மிஞ்சுபவைதான் இரண்டாம் சுற்று. இங்கே உறுதியும் சந்தேகமும் பிரிகிறது. கீ அப்படியே பொருந்தி தொகையும் பொருந்தினால் உறுதி. மிச்சத்தில், ஜிஎஸ்டி நம்பர், தேதி, தொகை மூன்றும் ஒன்றாக இருந்து பில் நம்பர் மட்டும் மாறினால் ('457' என்ற கேஸ்) அநேகமாக அதே பில்தான், ஆனால் ஒரே நாளில் ஒரே தொகைக்கு இரண்டு லோடு அனுப்புகிற சப்ளையர்களும் இருக்கிறார்கள், கண்ணால் பார்க்காமல் 'சரி' போடக் கூடாது. அடுத்து, ஜிஎஸ்டி நம்பரின் 15 எழுத்தில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, அடுத்த 10 பான் நம்பர். அந்தப் பத்தை மட்டும் வெட்டி எடுத்து ஒப்பிட்டால், கர்நாடகக் கிளையின் (குறியீடு 29) பில்லைத் தமிழ்நாட்டுக் கிளையின் (குறியீடு 33) லெட்ஜரில் போட்டிருப்பது மாட்டும். நான் பார்த்த வரையில் இந்த ஒரு சோதனை போல வேகமாகப் பலன் தருவது வேறில்லை. இரண்டாம் சுற்றில் கிடைப்பதை எல்லாம் 'சரி'யில் கலக்காமல் 'சந்தேகம்' என்று தனிப் பெயரில் வையுங்கள்.

மெர்ஜ் ஜன்னலில் ஃபஸி மேட்சிங் (ஏறக்குறைய ஒத்ததையும் சேர்ப்பது) என்று ஒரு டிக் இருக்கிறதே, அதைப் போட்டால் எல்லாம் தானாகச் சேருமே என்று அடுத்து கேட்பீர்கள். சப்ளையர் பெயர்ப் பட்டியலைச் சுத்தம் செய்ய அது நல்ல கருவி. பில் நம்பரில் மட்டும் வேண்டவே வேண்டாம். அது ஒத்த தோற்றத்தைப் பார்க்கிறது, முன்னிருப்பாக 0.80 ஒற்றுமை இருந்தால் போதும் என்கிறது. ஒரு நீளமான நம்பரில் ஒரே ஓர் இலக்கம் மாறினால் அது வேறு பில். அது நமக்குத் தெரியும், அதற்குத் தெரியாது.

எல்லாம் முடிந்ததும் ஒரு கூட்டல் சோதனை. ரிஜிஸ்டரின் மொத்தம், 'சரி', 'தொகை வித்தியாசம்', 'சந்தேகம்', 'நம்மிடம் மட்டும்' ஆகிய நாலோடு, கீ காலி என்று ஒதுக்கியதையும் சேர்த்த நம் பக்கத்துத் தொகைக்குப் பைசா மாறாமல் சமமாக வர வேண்டும். 2பி பக்கமும் அதே மாதிரி. கூடுதலாக வந்தால் எங்கோ பதிவு பெருகியிருக்கிறது, குறைவாக வந்தால் ஏதோ ஒரு ஃபில்டர் விழுங்கியிருக்கிறது. இந்தச் சோதனை பாஸ் ஆகாத ரிப்போர்ட்டை நான் யாருக்கும் அனுப்புவதில்லை.

டேட்டா லட்சக்கணக்கில் போய் பவர் கொயரி திணறினால் இதையே எஸ்க்யூஎல் டேட்டாபேஸில் செய்யலாம், அங்கே 'நாட் இன்' மட்டும் எழுதாதீர்கள். உள்ளே இருக்கும் பட்டியலில் ஒரே ஒரு 'நல்' (காலி மதிப்பு) இருந்தால்கூட மொத்த விடையும் காலியாக வரும், எல்லாம் டாலி ஆகிவிட்டது என்று சந்தோஷப்பட்டுவிடுவீர்கள். 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' போடுங்கள். கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் என்ற ரிப்போர்ட் சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்கள் லெஃப்ட் அவுட்டர் ஜாயின் போட்டு, வலப்பக்க டேபிளின் கீ காலியா என்று மட்டும் ஃபில்டர் செய்யுங்கள். அதே வலப்பக்க டேபிளின் தேதி மாதிரி வேறு நெடுவரிசையில் நிபந்தனை வைத்தால், நாம் தேடும் பதிவுகளில் அது காலியாகத்தான் இருக்கும் என்பதால் அவையெல்லாம் அங்கேயே கழிந்துவிடும்.

ஒன்று மட்டும் என் வரம்புக்கு வெளியே. ஒரு பில் 2பி-யில் இல்லை என்று ரிப்போர்ட் சொல்லும், அதற்கு இந்த மாதம் இன்புட் கிரெடிட் (வாங்கியதில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்கலாமா, திருப்ப வேண்டுமா, எதுவரை காத்திருக்கலாம் என்பதை உங்கள் ஆடிட்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் போகும்போது 'நம்மிடம் மட்டும்' பட்டியலைத் தொகைப்படி பெரியதிலிருந்து அடுக்கி, சப்ளையர் போன் நம்பரோடு கொண்டு போங்கள். முதல் முறை செய்யும்போது அதில் மேலே உள்ள இருபது பில்களின் காகிதத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் பாதிக்கு மேல் டைப்பிங் தப்பாக இருந்தால் சப்ளையருக்குப் போன் போடாமல், திரும்பிப் போய்க் கீ-யைச் சரிசெய்யுங்கள். கீ-யில் எங்காவது மாட்டிக்கொண்டால் இரண்டு பக்கத்திலிருந்தும் ஐந்தைந்து பில் நம்பரை, சப்ளையர் பெயரை மறைத்து, இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.